குத்ரத்தின் வளைவு

பொஸ்னியா - ஹெர்ஸகோவினா நாட்டிலுள்ள மோஸ்தார் நகருக்குப் புதிதாக வரும் ஒருவர், அந்நகரின் பழைய பாலத்தில் அடியெடுத்து வைத்ததும் முதலில் உணர்வது கால் வழுக்குவதைத்தான். பாலம் சமதளமன்று, நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிகின்ற ஒற்றைக் கல் வளைவு. கணக்கற்ற பாதங்கள் தேய்த்த கற்கள் கண்ணாடிபோல் வழவழக்கின்றன. நடப்போர் விழாதிருக்க, குறுக்கே வரிசை வரிசையாகக் கல்வரம்புகள் அமைத்திருக்கின்றனர். ஊரார் அவற்றைப் பாராமலே மிதித்துச் செல்வர். புதியவரோ குனிந்த தலையோடு, அடி அடியாக அளந்தே உச்சியை அடைவார்.

உச்சியில் நின்று நோக்கினால், இருபது மீட்டருக்கும் கீழே நெரெத்வா ஆறு பச்சை நிறத்தில் விரைந்தோடுவது தெரியும். வடக்கே ஆற்றங்கரையில் கோஸ்கி மெஹ்மத் பாஷா பள்ளிவாசலின் மினாரா நிமிர்ந்து நிற்கும். பாலத்தின் இரு முனைகளிலும் இரு காவற் கோபுரங்கள் உள்ளன. அந்நாட்டு மொழியில் 'மோஸ்த்' என்றால் பாலம். பாலத்தைக் காத்தவர்கள் 'மோஸ்தாரி' எனப்பட்டனர். அவர்கள் பெயரே ஊரின் பெயராயிற்று.

முற்காலத்தில் இவ்விடத்தில் சங்கிலிகளில் தொங்கிய மரப்பாலம் ஒன்றே இருந்தது. அது ஊஞ்சல்போல் ஆடியதால் கடப்போர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சென்றனர் என, 17ஆம் நூற்றாண்டின் உதுமானியப் பேரறிஞர் காத்திப் செலபி எழுதிவைத்தார். ஊர் மக்களின் வேண்டுகோளை ஏற்று, சுல்தான் சுலைமான் கல்பாலம் கட்ட ஆணையிட்டார். அப்பணியை ஏற்றவர், புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் சினானின் மாணாக்கரான மிமார் ஹைருத்தீன். தெனெலியா எனப்படும் உள்ளூர் வெண்கல்லைச் செதுக்கி, இரும்புப் பட்டைகளால் பிணைத்து, ஈயத்தை உருக்கி வார்த்து இறுக்கினர். சுமார் 29 மீட்டர் அகலமுள்ள ஆற்றிடைவெளியை ஒரே வளைவு தாவிக் கடந்தது. ஆற்றின் நடுவில் ஒரு தூண்கூட இல்லை.

பாலம் முடிந்த ஆண்டு ஹிஜ்ரி 974, அதாவது கி.பி. 1566. அவ்வாண்டைக் குறிக்க அக்காலத்தார் தேர்ந்த சொற்றொடர் 'குத்ரத் கெமரி'. இறைவல்லமையின் வளைவு என்பது இதன் பொருள். அப்ஜத் எண்கணக்கை அறிந்த நம் பெரியோர் இதைக் கூட்டிப் பார்த்து மகிழ்வர். குத்ரத் என்ற சொல்லின் எழுத்துகள் 704. கெமரி என்பதன் எழுத்துகள் 270. இரண்டும் சேர்ந்தால் 974. கட்டச் சொன்ன சுல்தான் அதே ஹிஜ்ரி ஆண்டில், ஹங்கேரியப் போர்முனையில் காலமானார்.

சாரம் பிரிக்கும் நாளில் வளைவு சரிந்துவிடுமோ என்றஞ்சிய ஹைருத்தீன், தமக்கெனக் கப்றுக்குழியும் தோண்டி வைத்திருந்தார் என்று அவ்வூரார் கதை சொல்வர். கதை எவ்வாறாயினும் வளைவு சரியவில்லை. அடுத்த நூற்றாண்டில் புதியவராக வந்த பயணி எவ்லியா செலபி அதன் உயரத்தைக் கண்டு வியந்தார். இளைஞர்கள் அங்கிருந்து ஆற்றில் குதிப்பதையும் குறித்தார். அக்குதிப்பு வழக்கம் இன்றும் மறையவில்லை.

1992இல் யூகோஸ்லாவிய இராணுவமும் செர்பியப் படையினரும் நகரைத் தாக்கியபோது, பொஸ்னிய முஸ்லிம்களும் குரோஷியரும் தோளோடு தோள் நின்று எதிர்த்தனர். நகரின் ஏனைய பாலங்கள் தகர்ந்தன. பழைய பாலம் காயங்களோடு தப்பியது. 1993 மே மாதத்தில் அத்தோழர்களே ஒருவர்மீது ஒருவர் துப்பாக்கி நீட்டினர். ஊரார் பலகைகளாலும் தகரத்தாலும் பழைய டயர்களாலும் பாலத்தைப் போர்த்திக் காக்க முயன்றனர். பயனில்லை. 1993 நவம்பர் 9ஆம் நாள் காலை, குரோஷியப் படையின் பீரங்கிக் குண்டுகளால் 427 ஆண்டுகள் நின்ற வளைவு ஆற்றில் விழுந்தது. அதற்குச் சரியாக நான்காண்டுகளுக்கு முன், அதே நவம்பர் 9இல்தான் பெர்லின் சுவர் திறக்கப்பட்டதை உலகம் கொண்டாடியது.

இங்கே புதியவர் ஒரு தவறு செய்வதுண்டு. ஆற்றுக்கு ஒரு கரையில் முஸ்லிம்கள், மறு கரையில் குரோஷியர், இருவரையும் இணைத்தது இப்பாலம் என்று அவர் எண்ணிக்கொள்வார். உண்மை அதுவன்று. போர்க்காலத்தில் பாலத்தின் இரு முனைகளும் முஸ்லிம்கள் வாழ்ந்த பகுதியிலேயே இருந்தன. மேற்கே சற்றுத் தொலைவிலுள்ள புலேவார் என்னும் அகன்ற சாலையே போர் எல்லை. ஆகவே பாலம் விழுந்தபோது துண்டிக்கப்பட்டவர்கள் ஒரே சமூகத்தினர். வலக்கரையின் டோன்யா மஹல்லா மக்களுக்கு உணவும் மருந்தும் வரும் வழி அடைபட்டது. ஹேக் நகரின் பன்னாட்டு நீதிமன்றம் 2013இல் இவ்வழிவைக் குற்றமெனத் தீர்த்தது. மேல்முறையீட்டு அமர்வோ, பாலம் அப்போது படைப்பயன் கொண்ட இலக்கு எனக் கூறி, 2017இல் அப்பகுதியை மாற்றியது. சட்டம் தன் அளவுகோலால் அளந்தது. அன்று ஆற்றங்கரையில் அழுதவர்களின் இழப்பு அந்த அளவுகோலுக்குள் அடங்குவதன்று.

போர் ஓய்ந்தபின், ஹங்கேரியப் படையின் முக்குளிப்போர் ஆற்றிலிருந்து கற்களை எடுத்தனர். அவற்றிற் பெரும்பாலானவை மீண்டும் பயன்படுத்தத் தகுதியற்றுப் போயிருந்தன. எனவே அதே வகைத் தெனெலியாக் கல்லை வெட்டியெடுத்து, பழைய முறையிலேயே செதுக்கி, இரும்பும் ஈயமும் இட்டுப் பிணைத்தனர். யுனெஸ்கோ, உலக வங்கி, ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை ஆகியன துணை நின்றன. உதவிய நாடுகளில் துருக்கி, இத்தாலி, நெதர்லாந்து ஆகியவற்றோடு குரோஷியாவும் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. 2004 ஜூலை 23இல் பாலம் திறக்கப்பட்டது. 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

பாலம் எழுந்துவிட்டது, ஊர் இன்னும் எழவேண்டியிருக்கிறது. புலேவார் ஓரத்திலுள்ள பழைய உயர்நிலைப் பள்ளியில் இரு சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் வெவ்வேறு பாடத்திட்டங்களின்படி கற்க ஏற்பாடாயிற்று. வாக்குமுறை பற்றிய பிணக்கால் 2008க்குப் பின் நகராட்சித் தேர்தலே நடவாமல், 2020 டிசம்பரில்தான் மக்கள் மீண்டும் வாக்களித்தனர்.

மக்கள் நடந்து செல்லப் பாலம் அமைப்பதை, மரணத்துக்குப் பின்னும் நன்மை சேர்க்கும் சதகத்துல் ஜாரியா என நாம் அறிவோம். அதன் பொருள் மோஸ்தாரில் விரிவாக விளங்குகிறது. விழுந்த பாலத்தை மீண்டும் நிறுத்தியதும் அத்தகைய தர்மமே. பாலத்தருகே ஒரு கல்லில் '93ஐ மறவாதீர்' என்று எழுதி வைத்திருக்கின்றனர். பழிவாங்குவதற்காக நினைவுகொள்வோரும் உண்டு. மீண்டும் வழுக்கி விழாதிருக்க நினைவுகொள்வோரும் உண்டு. பாலத்தின் குறுக்கே பதித்த கல்வரம்புகள் இரண்டாமவருக்கு உரியவை. அத்தகைய வரம்புகள் புலேவார்ச் சாலையைக் கடக்கும் மனிதருக்கும் வாய்க்க வல்ல நாயன் அருள்வானாக!