கிட்டார் மாடலரில் சேக், பயஸ்: எதை, எப்போது திருப்ப வேண்டும்?

டிரைவ், பாஸ், ட்ரெபிள் எல்லாம் திருப்பிப் பார்த்தாச்சு. சவுண்டு ஓகே, ஆனால் விரலுக்கு உயிரில்லாத மாதிரி இருக்கா? லைன் 6 ஹீலிக்ஸ் போன்ற மாடலர்களில், ஆம்ப் பிளாக்கின் அடுத்த பக்கத்தைத் திறங்க.

மாஸ்டர்: பவர் ஆம்ப் எவ்வளவு டிஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதை இது தீர்மானிக்கிறது.

சேக்: பலமாக மீட்டும்போது, வால்வு ஆம்பின் உள் மின்னழுத்தம் ஒரு கணம் சரியும். அதன் நகல் இது. கூட்டினால் நோட் அமுங்கி எழுந்து, நீண்டு நிற்கும். குறைத்தால் மெட்டல் ரிஃப்புக்கு ஏற்ற இறுக்கம் கிடைக்கும்.

பயஸ்: குறைத்தால் 'குளிர்ந்த' கிளாஸ் ஏபி, முழுசா கூட்டினால் கிளாஸ் ஏ.

பயஸ் எக்ஸ்: பவர் வால்வுகளை அழுத்தி ஓட்டும்போது எவ்வளவு கம்ப்ரெஷன் வர வேண்டும் என்பது.

ஹம், ரிப்பிள்: வால்வு ஹீட்டரின் இரைச்சலும், ஏசி மின்சாரத்தின் அதிர்வும் ஒலியில் எவ்வளவு கலக்க வேண்டும் என்பது.

ஒரு எச்சரிக்கை: சத்தம் கூடினாலே டோன் நல்லா ஆயிட்ட மாதிரி காது ஏமாறும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்க. சேனல் வால்யூம் டோனைத் தொடாது. அதை வைத்துச் சத்தத்தைச் சமமாக்கி, பிறகு ஒப்பிடுங்க. மெல்லிய சத்தத்தில் நம் காதுக்கு பாஸ் குறைவாகவே கேட்கும். அதை நம்பி பாஸைக் கூட்டினால், மேடையில் குழம்பிப் போகும். எனவே கச்சேரிக்கு முன், மேடை வால்யூமிலேயே ஒருமுறை வாசிச்சுப் பாருங்க.