புழுங்கலரிசி பெற்ற நற்சான்று

சோற்றைப் பற்றி நம் இல்லங்களில் வழங்கிவரும் தீர்ப்புகள் பல. பச்சரிசி விருந்துக்குரியது, புழுங்கல் அன்றாட உணவுக்குரியது என்பது அவற்றுள் ஒன்று. அரிசி எவ்வளவுக்கெவ்வளவு வெண்மையோ அவ்வளவுக்கவ்வளவு உயர்ந்தது என்பது மற்றொன்று. நிறம் மங்கி, அவித்த நெல்லின் வாடை வீசும் புழுங்கலரிசிக்கு இத்தீர்ப்புகளில் கிடைத்த இடம் கீழிடமே. ஆனால் அந்த அரிசிக்கு ஆய்வுலகம் ஒரு முறை நற்சான்று வழங்கியிருக்கின்றது. அது வழங்கப்பட்ட இடம் தமிழகம் அன்று. நம் முன்னோர் பலர் சபர் சென்ற மலாய் நாடு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அரிசியுண்ணும் கீழ்த்திசை நாடுகளைப் பெரிபெரி என்னும் நோய் ஆட்டிப் படைத்தது. கால்கள் மரத்துப் போகும்; நடை தள்ளாடும்; சிலருக்கு உடல் வீங்கும்; இதயம் தளர்ந்து திடீரெனச் சாவு வரும். ஈர நிலத்தின் ஆவியே காரணம் என்றனர் சிலர். நோய்க்கிருமிகள் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டுவந்த காலமாதலால், இதற்கும் ஒரு கிருமி இருந்தே தீரும் என்று மருத்துவர் பலர் நம்பினர்.

அக்கிருமியைத் தேடித்தான் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மான் 1886இல் ஜாவாவின் பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, வந்து சேர்ந்தார். கிருமி கிட்டவில்லை. 1889இல் அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகள் பெரிபெரி கண்டாற்போல் கால் துவண்டு விழுந்தன. சில மாதங்களுக்குப் பின், மருந்து எதுவுமின்றித் தாமே எழுந்து நடந்தன. விசாரித்தபோது வெளிப்பட்ட செய்தி வேடிக்கையானது. கோழிகளைக் கவனித்தவர் செலவை மிச்சப்படுத்த இராணுவ மருத்துவமனைச் சமையற்கட்டிலிருந்து தீட்டிய அரிசிச் சோற்றை வாங்கிப் போட்டிருக்கின்றார். பின்னர் வந்த புதிய சமையற்காரர், படைக்குரிய சோற்றைப் படையில் சேராத கோழிகளுக்குத் தர மாட்டேன் என்று மறுத்துவிட்டார்! அதன்பின் தீட்டாத அரிசி போட, நோய் தீர்ந்தது. ஒரு சமையற்காரரின் பிடிவாதம் மருத்துவத்துக்கு இத்துணைத் தொண்டு செய்தது வேறெங்கும் உண்டோ, அறியேன்.

ஐக்மானின் நண்பர் வோர்டர்மான், 1896, 1897ஆம் ஆண்டுகளில் ஜாவா, மதுரா தீவுகளின் சிறைச்சாலைகளை ஆராய்ந்தார். தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் என்ற அளவில் பெரிபெரி கண்டிருந்தது. தவிடு நீக்காத அரிசி வழங்கிய சிறைகளிலோ ஏறத்தாழ 10,000 பேருக்கு ஒருவர். கட்டடத்தின் பழமை, காற்றோட்டம், நெரிசல் ஆகியவற்றையும் அவர் கணக்கிட்டார். அவற்றால் இவ்வேற்றுமையை விளக்க இயலவில்லை. ஆயினும் ஐக்மான் கண்டது சரி, கொண்ட காரணம் பிழை. அரிசியின் மாவில் ஒரு நஞ்சு இருப்பதாகவும், தவிட்டில் அதற்கு மாற்று இருப்பதாகவும் அவர் கருதினார். தவிட்டில் உள்ள இன்றியமையாத பொருள் உணவில் இல்லாமற் போவதே நோய் என்று 1901இல் எடுத்துரைத்தவர், அவருக்குப்பின் அங்கு ஆய்வைத் தொடர்ந்த கிரைன்ஸ்.

இனி மலாய் நாட்டுக்கு வருவோம். நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராயிருந்த பிராடன் ஒன்றைக் கவனித்தார். சயாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் மடிந்தனர். வீட்டில் குத்திய அரிசியை உண்ட மலாய்க் குடியானவர்களுக்கும், புழுங்கலரிசியை உண்ட தமிழர்களுக்கும் அந்நோய் அரிதாகவே கண்டது. ஆனால் இதை வைத்து மட்டும் தீர்ப்புக் கூறிவிட முடியுமா? தமிழர் வாழ்ந்தது தோட்டத்தில். சீனருள் பெரும்பாலோர் உழைத்தது சுரங்கத்தில். இருப்பிடம் வேறு, தொழில் வேறு, குழம்பு வேறு. எது காத்தது என்று எவ்வாறு அறிவது?

ஒத்த நிலையில் உள்ளோரை இரு கூறாக்கி ஒப்பிட்டாலன்றி அறிய முடியாது. இம்முறையின் வித்து மிகப் பழையது. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த மருத்துவ மேதை ராஸி, ஒரு சாரார்க்குக் குருதி வடித்தும், மறு சாரார்க்கு வேண்டுமென்றே வடிக்காமலும் விட்டுப் பார்த்ததாகத் தம் குறிப்பில் எழுதியுள்ளார்.

கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் பெரிபெரி பரவியபோது, டாக்டர் ஃபிளெட்சர் 1905 டிசம்பரில் இதனைச் செய்தார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்ணினர்க்குப் பழையபடி சயாம் பச்சரிசி; இரட்டைப்படை எண்ணினர்க்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. இடத்தால் வந்த நோய் என்று எவரும் சொல்லாதிருக்க, நடுவில் இரு கூட்டத்தாரின் கூடங்களையும் மாற்றி வைத்தார். ஓராண்டு கழிந்தது. பச்சரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். புழுங்கல் உண்ட 123 பேரில் நோயுற்றிருந்தோர் இருவர். அவ்விருவரும் வரும்போதே நோயுடன் வந்தவர்கள். அவர்களுள் பெரிபெரியால் இறந்தவர் எவருமில்லை.

அந்தப் பதினெண்மரைக் கடந்துசெல்ல என்னால் இயலவில்லை. ‘உமக்கு எந்த அரிசி வேண்டும்?’ என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விடை சொல்லும் நிலையில் பலர் இல்லை. சோதனை இல்லாதிருந்தால் எல்லாருமே அந்தப் பச்சரிசியைத்தான் உண்டிருப்பர், மேலும் பலர் மாண்டிருப்பர் என்பது உண்மையே. ஆயினும் சாவு பெருகுவதைக் கண்டபின்னும் ஆண்டு முடியும்வரை அதே சோற்றைப் பரிமாறியது நெஞ்சை உறுத்தவே செய்கின்றது. இன்றைய மருத்துவ ஒழுங்கு அதற்கு இடமளிக்காது.

பின்னர் ஃபிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் சாலைப் பணிக்கு வந்த ஜாவாத் தொழிலாளர் 300 பேரிடம் இவ்வாறே ஒப்பிட்டு, 1909இல் அதே முடிவை வெளியிட்டனர். 1910இல் மணிலாவில் கூடிய மருத்துவர் மாநாடு, தீட்டிய வெள்ளரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஏற்றது. காசிமிர் ஃபங்க் 1912இல் ‘வைட்டமின்’ என்னும் சொல்லைப் படைத்தார். தவிட்டில் இருந்த பொருள் தயாமின் என்னும் பி1 வைட்டமின். 1926இல் அதே பத்தேவியாவில் அது படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. 1936இல் அதனைச் செயற்கையாக ஆக்கிக் காட்டிய அமெரிக்கர் ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்த ஊர், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள இப்பொருள் நீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்குகின்றது. வெந்த மாவு இறுகி அதைப் பிடித்துக்கொள்கின்றது. பின்னர் ஆலையில் தீட்டினாலும், அரிசியைப் பலமுறை களைந்தாலும் பச்சரிசி இழக்கும் அளவுக்கு அது இழப்பதில்லை. சென்னை மாகாணத்திலேயே, ஆலைப் பச்சரிசியை உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருந்ததும், புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிதாயிருந்ததும் இதனால்தான். நெல்லை அவித்த நம் மூதாட்டியர் வைட்டமினை அறிந்து அவித்தவர்கள் அல்லர். அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது; அரிசி நெடுநாள் கெடாது; அவர்களுக்கு அது போதுமானதாயிருந்தது.

இப்போது புழுங்கலைப் பற்றி வேறொரு பேச்சு நடமாடுகின்றது. அதை உண்டால் நீரிழிவு அணுகாது, நீரிழிவுக்காரரும் வயிறார உண்ணலாம் என்கின்றனர். கோலாலம்பூரில் கேட்கப்பட்ட கேள்வி அதுவன்று. அங்கு கிடைத்த சான்று பெரிபெரிக்கு மட்டுமே உரியது. ஆலையில் தீட்டிய புழுங்கலும் தவிட்டை இழந்த அரிசிதான். அதில் நார்ச்சத்து குறைவு, மாவுச்சத்து மிகுதி. தட்டு நிறையக் குவித்தால் குருதியில் சர்க்கரை ஏறவே செய்யும்.