அற்புதமும் ஆராய்ச்சியும்

வியப்பு அறிவின் வாயில். இடியைக் கண்டு வியந்த மனிதனே பின்னர் மின்னலின் இயல்பைக் கண்டறிந்தான். ஆயினும், வாயிலிலேயே நின்றுவிடுவோர் வீட்டினுள் நுழைவதில்லை. வியந்ததோடு அமையாது, “இஃது எங்ஙனம் நிகழ்ந்தது?” என்று வினவியோரின் வரலாற்றைச் சிறிது ஈண்டுக் கூற விழைகின்றோம். அவ்வரலாற்றின் ஓர் ஏடு, நாம் வாழும் தாராவிக்கும் மாதுங்காவிற்கும் கூப்பிடு தூரத்திலேயே எழுதப்பெற்றது.

2006ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள், வெள்ளிக்கிழமை. மாஹிம் கடலில் நீர் இனிக்கின்றது என்றொரு செய்தி காட்டுத்தீயெனப் பரவிற்று. மக்தூம் பாபாவின் அருளே இதற்குக் காரணம் என்றனர் பலர். இந்து, இஸ்லாமியர், கிறிஸ்துவர் என்ற வேறுபாடின்றி ஆயிரக்கணக்கானோர் கரையில் திரண்டனர். கையால் அள்ளிப் பருகினர். புட்டிகளில் நிரப்பி இல்லத்திற்கும் எடுத்துச் சென்றனர். குப்பையும் பிளாஸ்டிக்கும் மிதந்த நீர் அது! பருக வேண்டாமென மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எச்சரித்தது, கேட்டவர் சிலரே. குஜராத்தின் வல்சாடு அருகேயுள்ள தீத்தல் கடற்கரையிலும் நீர் இனிப்பதாகப் பேச்செழுந்தது. மறுநாள் பிற்பகலுக்குள் மாஹிம் நீர் மீண்டும் கரிப்பதாக அங்கிருந்தோரே கூறினர்.

இஃது எங்ஙனம் நிகழ்ந்தது? விஹார், பவாய் ஏரிகளின் உபரி நீரைக் கொண்டு ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடிவரும் மித்தி ஆறு, தாராவியை ஒட்டிச் சென்று மாஹிம் கழியில்தான் கடலொடு கலக்கின்றது. ஆகஸ்டு மழைக்காலம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. ஆதலின் அது நன்னீரைவிடக் கனமானது. ஆற்று வெள்ளம் மிகுந்து வருங்கால் கனங்குறைந்த நன்னீர் கடல்நீரின் மேல் படலமாய் மிதக்கும். மழையால் பெருகிய நன்னீர் கரையருகே தேங்கியதே காரணம் என மும்பை ஐ.ஐ.டி.யின் நிலவியல் அறிஞர் விளக்கினர். உப்பை எதிர்பார்த்த நாவிற்கு உப்புக் குறைந்த நீர் இனிப்பாகத் தோன்றுதல் இயல்பே. இரு நீரும் கலந்தவுடன் ‘அற்புத’மும் மறைந்தது.

ஈண்டு நம் கவலை நீரின் சுவையைப் பற்றியதன்று. மித்தி ஆறு சுமந்து வருவது மழைநீர் மட்டுமோ? நகரின் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் அதில் கலக்கின்றன. வாந்திபேதியும் மஞ்சட்காமாலையும் எந்த நீரால் வருகின்றன என்பதை நம் தாய்மார் அறிவர். வீட்டில் நீரைக் காய்ச்சி ஆற்றிக் குழந்தைக்குப் புகட்டும் அதே கை, அன்று கழிநீரை அள்ளிற்று. ஒரு வினா எழாமையால் விளையும் தீங்கு இத்தகையது.

இவ்வாறு வினவும் வழக்கம் நேற்று முளைத்ததன்று. 1949ஆம் ஆண்டிலேயே சென்னையில் இந்தியப் பகுத்தறிவாளர் சங்கம் தோன்றிற்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிதத் தேர்வில் 1899இல் முதலிடம் பெற்ற மராட்டியப் பேரறிஞர் பராஞ்சுபே அதன் முதல் தலைவராய் விளங்கினார். கடல் கடந்து இலங்கையில் இப்பணியை ஆற்றியவர் டாக்டர் ஆபிரகாம் கோவூர். கேரளத்துத் திருவல்லாவில் 1898இல் பிறந்து, 1928இல் இலங்கை சென்று, தாவரவியல் ஆசிரியராய்ப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். பேய் பிடித்தது, வீட்டின் மேல் கல் விழுகின்றது என வந்த முறையீடுகளை நேரிற் சென்று ஆராய்ந்தார். மறைவில் மனநோயோ, மனிதர் செய்த குறும்போ இருக்கக் கண்டார். 1963இல் ஓர் அறைகூவல் விடுத்தார்: ஏமாற்ற வழியில்லாச் சூழலில் தெய்விக ஆற்றலைக் காட்டுவோர்க்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு! முத்திரையிட்ட உறைக்குள் வைத்த ரூபாய் நோட்டின் எண்ணைப் படித்துக் காட்டினும் போதும் என்றார். 1978இல் அவர் மறையும்வரை அப்பரிசை வென்றார் எவருமிலர்.

1995ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாளை நம்முள் மூத்தோர் மறந்திரார். தில்லிக் கோயிலொன்றில் பிள்ளையார் பால் அருந்தினார் என்ற செய்தி அன்றைக்கே நாடெங்கும், கடல் கடந்த நாடுகளிலும் பரவிற்று. நடுவண் அரசின் அறிவியலார் பாலில் வண்ணங் கலந்து கரண்டியை நீட்டினர். பால் துதிக்கைக்குள் புகவில்லை. சிலையின் மேனி வழியே மெல்லிய படலமாய் வழிந்திறங்குவதை வண்ணம் காட்டிக் கொடுத்தது. நிரம்பிய கரண்டியின் விளிம்பு கல்லைத் தொட்டவுடன், நீர்மத்தின் பரப்பு இழுவிசை பாலை வெளியே இழுக்கின்றது. இதே நிகழ்ச்சி மாஹிம் இனித்த இரண்டே நாளில், 2006 ஆகஸ்டிலும் மீண்டும் பேசப்பட்டது.

2012 மார்ச்சில் வில்லே பார்லே பக்கத்து இர்லாவில், வேளாங்கண்ணி அன்னை ஆலயத்துச் சிலுவையின் பாதத்தினின்று நீர் சொட்டிற்று. பகுத்தறிவாளர் சனல் இடமருகு சென்று பார்த்தார். அருகே வடிகால் ஒன்று அடைபட்டிருந்தது. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பது போலச் சுவர் அந்நீரை இழுத்துச் சிலுவை வரை கொணர்ந்தது எனக் கண்டார். ஆயின் சமய உணர்வைப் புண்படுத்தினார் என அவர்மீது காவல் நிலையங்களில் புகார்கள் எழுந்தன. அவ்வாண்டே அவர் ஃபின்லாந்து சென்றார்.

வினவியமைக்கு உயிரையே ஈந்தவரும் உண்டு. மருத்துவர் நரேந்திர தபோல்கர் 1989இல் மகாராட்டிரத்தில் மூடநம்பிக்கை ஒழிப்புச் சங்கம் கண்டார். தக்கதோர் சட்டம் வேண்டுமெனப் பல்லாண்டு போராடினார். 2013 ஆகஸ்டு 20ஆம் நாள் காலை, புனே நகரில் உலவச் சென்றவரைச் சுட்டுக் கொன்றனர். சின்னாட்களிலேயே அவசரச் சட்டம் வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் சட்டமன்றம் அதனைச் சட்டமாக்கிற்று. பாம்பு கடித்தவரை மருத்துவரிடம் செல்லவொட்டாது தடுத்து மந்திரிப்பதும், அற்புத ஆற்றல் உண்டெனக் கூறி மக்களை ஏமாற்றுவதும் இன்று இம்மாநிலத்தில் குற்றம். கோயில் வழிபாட்டையோ, யாத்திரையையோ, இல்லத்துப் பூசையையோ அச்சட்டம் தீண்டவில்லை என்பதை அன்பர்கள் கருத்திற் கொள்ள வேண்டும்.

நாம் கூற விழைவதும் அதுவே. மேற்கண்ட மூன்று நிகழ்ச்சிகளும் மூன்று சமயங்களைச் சார்ந்தவை. எனவே இஃது எந்தச் சமயத்திற்கும் உரிய குறையன்று. கடவுளை நம்புதல் வேறு. கேட்ட செய்தியையெல்லாம் நம்புதல் வேறு. பிள்ளையார் பால் அருந்தாவிடினும் பக்தனின் பக்தி குறைவதில்லை. ரயில்வே அலுவலகத்தில் பணியாற்றும் எம்மனோர்க்கு ஒரு வழக்கம் உண்டு. பார்சல் ஒன்று காணாமற் போயின், ‘மாயமாய் மறைந்தது’ என்று குறிப்பெழுத இயலாது. எங்கே ஏற்றினர், எங்கே இறக்கினர், கையொப்பமிட்டவர் யாவர் என ஏட்டைப் புரட்டியே தீரவேண்டும். அற்புதச் செய்திக்கும் அவ்வேட்டைப் புரட்டினால் என்ன? கண்டவர் யாவர், வேறு காரணம் உண்டோ, மீண்டும் செய்து பார்த்தவர் உண்டோ என்ற மூன்று வினாக்கள் போதும்.

பண்டு ஒரு வதந்தி ரயிலேறி ஊர் சென்று சேரச் சின்னாட்கள் ஆகும். இன்று அது கைப்பேசியில் ஒரு நொடியில் சென்று சேர்கின்றது. ஆகலின் நிறுத்தி வினவும் பொறுப்பும் நம்மிடம் மிகுந்துள்ளது. அறிவுடைமைக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரின் வழிவந்தோர் நாம். நம் குழந்தைகள் “ஏன்?” என்று கேட்கும்போது வாயை அடைக்காதிருப்போம். மாஹிம் கரையில் அடுத்த முறை கடல் இனிக்கும்போது, பருகுமுன் வினவுகின்ற கூட்டத்தில் நம் பிள்ளைகள் முன்னிற்பார்களாக!

வாழ்க தமிழ்! வளர்க அறிவு!