அவர் ஆடிய மூன்று கிளப்பும் இன்று இல்லை

காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சை முடிந்துவிட்டது. எப்படி எழுதினேன் என்று யாரும் கேட்க வேண்டாம். நேரே ஃபுட்பாலுக்குப் போய்விடலாம்.

எங்க வடகரையில் இருந்து செங்கோட்டை, புளியரை தாண்டினால் கேரளா. அந்தப் பக்கம் பந்து என்றால் உயிர். இந்தப் பக்கம் என் பெரியம்மா கேட்கிற ஒரே கேள்வி, "அதை ஆடி என்னல ஆகப் போகுது?" கேட்பது என்னிடம் இல்லை, அண்ணனிடம். அவன் நடுக்களத்தில் ஆடுகிறவன். நன்றாக ஆடுவான், ஆனால் பத்திரிகையில் பெயர் வருகிற அளவுக்கு இல்லை. அந்த மாதிரி ஆட்டக்காரர்கள் கடைசியில் என்ன ஆகிறார்கள் என்று தேடியபோது கிடைத்தவர்தான் காலித் ஜமீல்.

1977ல் குவைத்தில் பிறந்தவர். மும்பையில் மஹிந்திரா யுனைடெட், ஏர் இந்தியா என்று மாறி மாறி நடுக்களத்தில் ஆடினார். இந்தியாவுக்கும் சில ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். கொல்கத்தாவின் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் இரண்டிலிருந்தும் அழைப்பு வந்ததாம். அப்போது அந்த இரண்டு கிளப்புக்குமே மதுபானக் கம்பெனி ஸ்பான்சர். அந்தப் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஆட மாட்டேன் என்று மும்பையிலேயே இருந்துவிட்டார். புகழும் காசும் கொல்கத்தாவில் இருந்த காலம் அது! கடைசியாக, 2007ல் தொடங்கிய மும்பை எஃப்.சி.க்குப் போனார். காயம் விடவில்லை. 2009ல் அதே கிளப்புக்குப் பயிற்சியாளர் ஆகிவிட்டார். வயது 32.

இங்கே ஒரு பி.காம் மாணவனாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மஹிந்திரா யுனைடெட் 2005-06ல் தேசிய லீக் சாம்பியன். 2010ல் கம்பெனியே அணியைக் கலைத்துவிட்டது. ஏர் இந்தியாவை 2013ல் லைசென்ஸ் விதிகளைக் காட்டி ஐ-லீகிலிருந்து வெளியே அனுப்பினார்கள். மும்பை எஃப்.சி. 2017ல் மூடப்பட்டது. நம்ம பக்கம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? கோயம்புத்தூரில் ஆடி 2018-19ல் ஐ-லீகை ஜெயித்த சென்னை சிட்டி, மூன்று வருடத்துக்குள் லீகிலேயே இல்லை. நம் நாட்டில் பல கிளப்புகள் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் ஒரு செலவு வரி, அவ்வளவுதான். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் அடிபடுகிற வரி.

மும்பை எஃப்.சி.யில் ஏழு சீசன். கோப்பை எதுவும் இல்லை. ஆனால் கையில் இருந்த சின்ன அணியை ஒருமுறைகூடக் கீழே இறங்க விடவில்லை. 2016ல் அவரை அனுப்பிவிட்டார்கள். அடுத்த சீசனே அந்த கிளப் கடைசி இடம்! அவரோ மிசோரமுக்குப் போனார்.

ஐசால் எஃப்.சி. அதற்கு முந்தைய சீசனில்தான் ஐ-லீகிலிருந்து இறங்கியிருந்தது. கோவா கிளப்புகள் விலகிக்கொண்டதால் காலியான இடத்தில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். தன்னுடன் மும்பையிலிருந்து ஜெயேஷ் ரானே, அசுதோஷ் மேத்தா போன்றவர்களை அழைத்துப் போனார். மற்றபடி பெரும்பாலும் உள்ளூர்ப் பையன்கள். 2017 ஏப்ரல் 22, மோகன் பகானுடன் ஐசாலில் ஆட்டம். முடிய சில நிமிடங்கள் இருக்கும்போது சோமிங்லியானா ரால்டே தலையால் முட்டிய பந்து உள்ளே போனது. 1-0. ஏப்ரல் 30, ஷில்லாங்கில் கடைசி ஆட்டம், ஒரு டிரா போதும். முதலில் கோல் வாங்கி, பிறகு திருப்பிப் போட்டு 1-1. ஐசால் 37 புள்ளி, மோகன் பகான் 36. வடகிழக்கிலிருந்து தேசிய லீகை ஜெயித்த முதல் கிளப்!

அவருடைய அணிகள் அழகாக ஆடுவதில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். பின்னால் நெருக்கி நின்று கோல் வாங்காமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. எனக்கு அது குறையாகப் படவில்லை. குறைந்த முதலில் கடை நடத்துகிறவன் முதலில் நஷ்டத்தைத்தானே தடுப்பான்?

அதற்குப் பிறகு ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் இரண்டுக்குமே பயிற்சியாளர் ஆனார். ஆட்டக்காரராகப் போகாத இடங்கள்! இரண்டிலும் லீக் கோப்பை கிடைக்கவில்லை. 2021ல் நடுவில் பொறுப்பேற்று நார்த்ஈஸ்ட் யுனைடெடை ஐ.எஸ்.எல். அரையிறுதிக்குக் கொண்டுபோனார். அந்த லீகில் ஓர் இந்தியப் பயிற்சியாளர் அதைச் செய்தது அதுதான் முதல் தடவை.

2025 ஆகஸ்டில் இந்திய அணியே அவர் கைக்கு வந்தது. முதல் ஆட்டத்தில் தஜிகிஸ்தானை அவர்கள் ஊரிலேயே 2-1, பிறகு ஓமனை பெனால்டியில் வென்று அந்தப் போட்டியில் மூன்றாம் இடம். அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 தோற்றதும் ஆசியக் கோப்பை வாய்ப்பு போய்விட்டது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. அன்று ராத்திரி இணையத்தில் திட்டாத ஆள் இல்லை.

அண்ணனும் என்னோடுதான் அந்த ஆட்டத்தைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. போன வாரம் டி லைசென்ஸ் கோச்சிங் கோர்ஸுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு வந்தான். பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.