உல்லாசக் கப்பல் பயணத்தில் நோய்ப் பரிசோதனை: பயணிகளும் உடன் செல்வோரும் அறிய வேண்டியவை

உல்லாசக் கப்பலில் பயணம் செய்பவருக்குக் காய்ச்சல், இருமல், வாந்தி, வயிற்றுப்போக்கு போன்ற அறிகுறிகள் தோன்றினால், கப்பலின் மருத்துவப் பிரிவிலோ கப்பல் நிற்கும் துறைமுகத்திலோ அவருக்குப் பரிசோதனை செய்யப்படுகிறது. சில வேளைகளில் அறிகுறி இல்லாதவர்களுக்கும் செய்யப்படுகிறது. 2022 ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் சுற்றுலா தொடங்கப்பட்ட பின்னர், கடலே இல்லாத நீலகிரி மாவட்டத்திலிருந்தும் இப்பயணத்தை விரும்புவோர் உள்ளனர். பயணத்திற்கு முன் இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளுக்காக மருத்துவமனைக்கு வருவோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர்: "கப்பலில் காய்ச்சல் என்று சொன்னால் அறைக்குள் அடைத்துவிடுவார்களா?"

சில நேரங்களில் அவ்வாறு தனிமைப்படுத்துவார்கள் என்பதே நேர்மையான விடை. அது எதற்காக, எத்தனை நாட்களுக்கு, அப்போது பயணிக்கு உரியவை யாவை என்பதை முன்கூட்டியே அறிந்தவர் அறிகுறியை மறைப்பதில்லை. அறியாதவரே பெரும்பாலும் மறைக்கிறார்.

கப்பலில் தொற்று விரைந்து பரவுவது ஏன்?

ஆயிரக்கணக்கானோர் ஒரே உணவுக்கூடம், ஒரே மின்தூக்கி, ஒரே கைப்பிடிகள் ஆகியவற்றைப் பல நாட்கள் பகிர்ந்துகொள்கின்றனர். கப்பல்களில் மிகுதியாகக் காணப்படும் கூட்டு நோய்ப் பரவலுக்குக் காரணம் நோரோ வைரஸ் என்னும் வயிற்றுப்போக்குக் கிருமி. மிகச் சிறிய அளவே உடலுக்குள் சென்றாலும் அது நோயை உண்டாக்கும். தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்திற்குள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், 1970களிலிருந்து நடத்திவரும் கப்பல் சுகாதாரத் திட்டத்தின் கீழ், பயணிகளிலோ பணியாளர்களிலோ 3 விழுக்காட்டினர் வயிற்றுப்போக்கு நோயைக் கப்பல் மருத்துவரிடம் தெரிவித்தால் அதனை நோய்ப் பரவலாக அறிவிக்கிறது. இந்தக் கணக்கில் இடம்பெறுவோர், நோயைத் தெரிவித்தவர்கள் மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். பத்துப் பேர் வெட்கத்தாலோ அச்சத்தாலோ சொல்லாமல் விட்டால், சமையலறையிலும் நீர்த்தொட்டியிலும் எடுக்க வேண்டிய நடவடிக்கை ஒரு நாள் தள்ளிப்போகும்.

ஆல்கஹால் கலந்த கைத் திரவம் நோரோ வைரஸைப் போதிய அளவு அழிப்பதில்லை. சோப்பும் நீரும் கொண்டு கைகழுவுவதே இதற்குப் பயன்தரும்.

யோகோஹாமா, 2020: "எனக்குப் பரிசோதனை செய்யுங்கள்"

2020 சனவரி 25 அன்று டைமண்ட் பிரின்சஸ் கப்பலிலிருந்து ஹாங்காங்கில் இறங்கிய ஒரு பயணிக்குப் பின்னர் கொரோனா தொற்று உறுதியானது. கப்பல் பிப்ரவரி 3 அன்று ஜப்பானின் யோகோஹாமாவை அடைந்தபோது அதில் 3,711 பேர் இருந்தனர். முதலில் வெளியான 31 பேரின் முடிவுகளில் 10 பேருக்குத் தொற்று இருந்தது. அதன்பின் பயணிகள் தத்தம் அறைகளிலேயே இருக்குமாறு கட்டளையிடப்பட்டது. இறுதியில் 712 பேருக்குத் தொற்று உறுதியானது.

அங்கு பயணிகள் பரிசோதனைக்கு அஞ்சவில்லை. அது தமக்குக் கிடைக்கவில்லையே என்றுதான் வருந்தினர். ஒரு நாளில் செய்யக்கூடிய பரிசோதனைகளின் எண்ணிக்கை குறைவாக இருந்ததால் அறிகுறி உடையோர், அவர்களுடன் நெருங்கியிருந்தோர், முதியோர் என்ற வரிசையில்தான் மாதிரிகள் எடுக்கப்பட்டன. மற்றவர்கள் அடுத்த அறையில் யாருக்கு நோய் என்று அறியாமல் காத்திருந்தனர். சன்னல் இல்லாத உள் அறைகளில் இருந்தவர்களின் நிலை மேலும் கடினமானது. நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைகள் தீர்ந்துபோனது முதியோரின் பெருங்குறையாக இருந்தது. நோய்த்தொற்றை விட இதுவே அவர்களுள் பலருக்கு உடனடி ஆபத்து என்று மருத்துவர் எவரும் கூறுவர்.

அக்கப்பலில் 138 இந்தியர்கள் இருந்தனர். அவர்களுள் 132 பேர் பணியாளர்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் அவர்களிடையே இருந்தனர். பயணிகள் அறைக்குள் இருக்க, பணியாளர்கள் உணவு வழங்குவதற்காக வேலையைத் தொடர்ந்தனர். தங்குமறைகளைப் பகிர்ந்தே உறங்கினர். பிப்ரவரி 27 அன்று 119 இந்தியர்கள் வானூர்தி மூலம் தில்லிக்கு அழைத்துவரப்பட்டு மானேசரில் தனிமைப்படுத்தப்பட்டனர்.

பிப்ரவரி 20 வரை தொற்று உறுதியான 634 பேரில் 328 பேருக்கு, மாதிரி எடுக்கப்பட்ட வேளையில் எந்த அறிகுறியும் இல்லை. "எனக்கு ஒன்றுமில்லை, எதற்குப் பரிசோதனை?" என்று கேட்போருக்கு இதனைவிடத் தெளிவான விடை இல்லை.

மர்மகோவா, 2022: "எங்களை இறக்கிவிடுங்கள்"

2022 சனவரியில் மும்பையிலிருந்து கோவாவுக்குச் சென்ற கோர்டேலியா கப்பலில் பணியாளர் ஒருவருக்குத் தொற்று கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 2,000 பேர் கொண்ட அக்கப்பலில் இருந்தோர், பரிசோதனை முடியும்வரை இறங்க அனுமதிக்கப்படவில்லை. சனவரி 3 அன்று 66 பேருக்குத் தொற்று இருப்பது அறிவிக்கப்பட்டது. தொற்று இல்லாதவர்கள் இறங்க விரும்பினர். தொற்று உள்ளவர்களுள் சிலர் கோவாவின் சிகிச்சை மையங்களுக்குச் செல்ல மறுத்தனர். முடிவில் கப்பல் மும்பைக்கே திரும்பியது. அங்கு நடந்த பரிசோதனைகளில் மேலும் பலருக்குத் தொற்று உறுதியானது.

யோகோஹாமாவில் பரிசோதனையை வேண்டினர். மர்மகோவாவில் அதன் விளைவை எதிர்த்தனர். மூக்கில் பஞ்சுக்குச்சி நுழைப்பது இரு இடங்களிலும் ஒன்றே. முடிவு வந்தபின் எங்கு அழைத்துச் செல்வார்கள், குடும்பத்தைப் பிரிப்பார்களா, செலவு யாருடையது என்ற வினாக்களுக்கு விடை கிடைக்காதபோதுதான் எதிர்ப்பு எழுகிறது.

நம் மாவட்டத்திலும் இதனைக் காணலாம். 2024 ஜூலையில் மலப்புரம் மாவட்டத்தில் நிபா தொற்று உறுதியானபோது, நாடுகாணி உள்ளிட்ட கேரள எல்லைச் சாவடிகளில் பயணிகளுக்குக் காய்ச்சல் சோதனை நடத்தப்பட்டது. சாவடியில் நடைபெறுவது உடல் வெப்பநிலை பார்த்தலும் சில கேள்விகளும் மட்டுமே. நிபாவை அங்கு எவராலும் உறுதிசெய்ய இயலாது. ஆயினும் "வண்டியை மடக்கி வைத்துவிடுவார்கள்" என்ற அச்சத்தில் பாராசிட்டமால் விழுங்கிவிட்டு வருவோர் உண்டு. மாத்திரை காய்ச்சலை நான்கைந்து மணி நேரம் மறைக்கும், நோயை மறைக்காது. கப்பலில் ஏறுமுன்னரும் இதனைச் செய்ய வேண்டாம். ஏற்கெனவே உட்கொண்டிருந்தால், எப்போது உட்கொண்டீர்கள் என்பதை மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

பரிசோதனை முடிவு எதனைக் கூறுகிறது?

விரைவு ஆன்டிஜென் பரிசோதனையின் முடிவு 15 முதல் 30 நிமிடங்களில் கிடைக்கும். ஆனால் உடலில் கிருமியின் அளவு குறைவாக இருக்கும் தொடக்க நாட்களில் அது தொற்றைத் தவறவிடக்கூடும். ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை நுட்பமானது, ஆய்வக வசதியைப் பொறுத்துச் சில மணி நேரம் முதல் ஒரு நாள் அல்லது அதற்கும் மேல் ஆகலாம். நோரோ வைரஸுக்கான மல மாதிரி பெரும்பாலும் கரையிலுள்ள ஆய்வகத்திற்கே அனுப்பப்படுகிறது. எனவே முடிவு வருமுன்பே, அறிகுறிகளைக் கொண்டே தனிமைப்படுத்தல் தொடங்கும். இதில் முறைகேடு ஏதுமில்லை.

'நெகட்டிவ்' என்ற முடிவு, மாதிரி எடுத்த அந்த வேளையில் கிருமி தென்படவில்லை என்பதை மட்டுமே கூறுகிறது. டைமண்ட் பிரின்சஸ் கப்பலிலிருந்து அத்தகைய முடிவுடன் இறங்கியவர்களில் சிலருக்கு, வீடு திரும்பியபின் தொற்று உறுதியானது. அறிகுறி தொடர்ந்தாலோ புதிதாகத் தோன்றினாலோ மீண்டும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

மறுக்கலாமா? கட்டணம் உண்டா?

பன்னாட்டுப் பயணங்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுச் சுகாதார ஒழுங்குமுறைகள் (2005) பொருந்தும். அவற்றின்படி, பயணிக்கு விளக்கி, அவரது இசைவைப் பெற்ற பின்னரே மருத்துவப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். இசைவு தர மறுப்பவருக்கு நாட்டிற்குள் நுழைய அனுமதி மறுக்கப்படலாம். பொதுச் சுகாதாரத்திற்கு உடனடி ஆபத்து இருப்பின் சட்டப்படி கட்டாயப்படுத்தவும் இடமுண்டு. தனிமைப்படுத்தப்பட்டவருக்குப் போதிய உணவு, நீர், மருத்துவ உதவி, புரியும் மொழியில் விளக்கம் ஆகியவை வழங்கப்பட வேண்டும். பொதுச் சுகாதாரக் காரணத்திற்காக அரசு செய்யும் பரிசோதனைக்கும் தனிமைப்படுத்தலுக்கும் பயணியிடம் கட்டணம் பெறுதல் கூடாது என்பது பொது விதி.

கப்பலின் சொந்த மருத்துவப் பிரிவு இவ்விதிக்குள் வராது. அங்கு ஆலோசனைக்கும் பரிசோதனைக்கும் கட்டணம் வசூலிக்கப்படலாம். காய்ச்சலை மறைப்பதற்குப் பலர் கூறாத காரணம் இதுவே. பயணச் சீட்டு வாங்கும்போதே மருத்துவக் கட்டணத்தையும், தனிமைப்படுத்தப்பட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் எழுத்து வடிவில் கேட்டறியுங்கள். பயணக் காப்பீடு தொற்றுநோய்க்குப் பொருந்துமா என்பதையும் பாருங்கள். இந்தியத் துறைமுகங்களுக்கிடையே மட்டும் செல்லும் பயணங்களுக்கு 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்கள் சட்டமும், தமிழ்நாட்டில் 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும் பொருந்தும்.

முதியோருடன் செல்பவர்களுக்கு

பயண நாட்களுக்கு மேல் குறைந்தது இரண்டு வாரங்களுக்கான மாத்திரைகளை உடன் எடுத்துச் செல்லுங்கள். அவற்றைப் பெரிய பெட்டியில் அன்றி, கையில் வைத்திருக்கும் பையில் வையுங்கள். மருந்தின் பொதுப்பெயர் எழுதப்பட்ட சீட்டு இருந்தால் பிற நாட்டு மருத்துவரும் புரிந்துகொள்வார். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை மறவாதீர்கள், ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டர் தூய நீரில் முழுமையாகக் கரைக்க வேண்டும், பாதியாகப் பிரித்துக் கரைப்பது தவறு.

நீரிழிவு உள்ளவருக்கு வாந்தி தொடங்கினால் இன்சுலினைத் தாமாக நிறுத்தக் கூடாது. நீர்ப்போக்கு மாத்திரை, மெட்பார்மின் முதலியவற்றைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை அன்றே மருத்துவரிடம் கேட்க வேண்டும். சிறுநீர் மிகவும் குறைதல், தலைசுற்றல், மயக்க நிலை, மூச்சுத்திணறல், மலத்தில் இரத்தம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், விடியும்வரை காத்திராமல் கப்பல் மருத்துவரை அழையுங்கள்.

கப்பலில் பணிபுரிவோரின் குடும்பத்தினருக்கு

உணவக மேலாண்மை பயின்று கப்பல் வேலைக்குச் சென்ற பிள்ளைகள் நோயை மறைப்பது பெரும்பாலும் ஊதியம் போய்விடும் என்ற அச்சத்தால்தான். இந்தியா 2015இல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, பணிக்காலத்தில் நோயுற்ற பணியாளருக்குக் கப்பலில் கட்டணமின்றி மருத்துவ உதவி கிடைக்க வேண்டும். நோய்க்கால ஊதியப் பாதுகாப்பும் உண்டு. தொலைபேசியில் பேசும்போது இதனை அவர்களுக்குத் தெரிவியுங்கள்.

மலைக்குத் திரும்பும்போது

கப்பலிலிருந்து இறங்கியவுடன் நீலகிரி விரைவு இரயிலில் இரவுப் பயணம், மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்து என்று பலர் திட்டமிடுகின்றனர். அறிகுறி உள்ளவருக்கு இவையும் கப்பலைப் போன்றே நெருக்கமான இடங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரம் கடக்கும்வரை பிறருடன் நெருங்கிப் பயணம் செய்வதையும் சமைப்பதையும் தவிர்க்க வேண்டும். தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் கழிப்பறையைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் இது மேலும் முக்கியம். கழிப்பறையையும் கைப்பிடிகளையும் பிளீச்சிங் பவுடர் கரைசல் கொண்டு துடையுங்கள்.

சளியுடன் மூச்சுத்திணறல் உள்ளவர் மலையேறக் கூடாது. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. உடல்நலமுள்ளவருக்கே அங்கு ஆக்சிமீட்டர் அளவு ஓரிரு புள்ளிகள் குறைவாகக் காணப்படலாம். சென்னையிலேயே அளவு 94க்குக் கீழ் இருந்தால் அங்கேயே மருத்துவமனையில் சேர்வது நல்லது. வீடு திரும்பியபின் காய்ச்சல் தொடங்கினால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, எந்தக் கப்பல், எந்த நாட்கள், உடன் யாருக்கு நோய் என்ற விவரங்களை முதலிலேயே கூறுங்கள். ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108.