பெயரில் எஞ்சிய நகரம்: ஏ.ஈ.கே. கைப்பந்தாட்டக் கழக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டுக் கழகங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வெற்றி தோல்விகளைத் தொகுத்துத் தருவதோடு தம் பணி நிறைவுற்றதெனக் கருதுவர். கிரேக்க நாட்டின் ஏ.ஈ.கே. கழகத்தின் ஆடவர் கைப்பந்தாட்டப் பிரிவை இம்முறையில் நோக்கின் அதன் வரலாறு மிகச் சுருக்கமானது. 2005 ஆம் ஆண்டில் அப்பிரிவு தோன்றியது. 2013 இல் முதன்முறையாகத் தேசிய வாகையராயிற்று. 2021 இல் ஐரோப்பியக் கிண்ணமொன்றை வென்றது. ஆயின், இப்பிரிவு தாங்கி நிற்கும் பெயர் அதனினும் எண்பத்தோராண்டு மூத்தது. அப்பெயரிலுள்ள நகரமோ கழகம் அமைந்துள்ள நகரமன்று. அது கழகம் அமைந்துள்ள நாட்டிலேயே இல்லை. ஏ.ஈ.கே. என்னும் மூன்றெழுத்துகள் ‘கொன்ஸ்தாந்திநோப்பிள் விளையாட்டு ஒன்றியம்’ என்னும் பொருள்தரும் கிரேக்கத் தொடரின் குறுக்கமாகும். இன்று இஸ்தான்புல் என வழங்கும் நகரின் பெயரை ஏதென்ஸ் நகரத்து இளைஞர் தம் மார்பிலணிந்து கைப்பந்தாட நேர்ந்தது எவ்வாறு என்பதே இங்கு ஆராய்தற்குரியது.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். கைப்பந்து என்றதும் நம்மவர் பலருக்குக் கரப்பந்தாட்டமே நினைவுக்கு வரும். இது வேறு. நாற்பது மீற்றர் நீளமும் இருபது மீற்றர் அகலமுமுடைய களத்தில், பக்கத்துக்கு எழுவராக, பந்தைக் கையாற் கடத்திச் சென்று எதிரணியின் இலக்கினுள் எறிவது இவ்வாட்டம். மூன்று மீற்றர் அகலமும் இரண்டு மீற்றர் உயரமும் கொண்ட இலக்கைச் சுற்றி ஆறு மீற்றர் எல்லை வரையப்பட்டிருக்கும். அதனுள் காப்பாளர் மட்டுமே நிற்கலாம். பந்தைக் கையிற் கொண்டு மூன்றடிக்கு மேல் வைத்தலாகாது. மூன்று விநாடிக்கு மேல் வைத்திருத்தலும் ஆகாது. எனவேதான் எறிபவன் எல்லைக் கோட்டிலிருந்து பாய்ந்தெழுந்து, நிலத்தைத் தொடுமுன் அந்தரத்திலிருந்தே பந்தை விடுவிக்கிறான். இவ்வாட்டத்தின் அழகு பெரிதும் அந்தக் கணத்திலேயே தங்கியுள்ளது.

ஓமரின் காவியத்தில் நௌசிக்கா தோழியரோடு பந்தாடியதையும், பெர்காமொன் நகரத்து மருத்துவர் கேலன் சிறுபந்துப் பயிற்சி பற்றி நூலெழுதியதையும் எடுத்துக்காட்டிக் கைப்பந்தாட்டம் பண்டைய கிரேக்கத்திலேயே தோன்றியதெனக் கூறுவோருமுளர். இக்கூற்று பெருமைக்கு உதவுமேயன்றி வரலாற்றுக்கு உதவாது. இன்றைய ஆட்டத்தின் விதிகள் வட ஐரோப்பாவில் உருவானவை. டென்மார்க்கில் ஹோல்கர் நீல்சன் என்னும் ஆசிரியர் 1906 இல் விதிகளை அச்சிட்டார். ஜேர்மனியில் மாக்ஸ் ஹைசர் 1917 இலும் கார்ல் ஷெலென்ஸ் 1919 இலும் அவற்றை வளர்த்தனர். 1936 பேர்லின் ஒலிம்பிக்கில் அணிக்குப் பதினொருவராகத் திறந்தவெளியில் ஆடப்பட்ட இவ்வாட்டம், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் எழுவர் ஆடும் உள்ளரங்க ஆட்டமாக மீண்டும் இடம்பெற்றது. கிரேக்கத்தை இது மிகப் பிந்தியே அடைந்தது. அங்கு தேசிய வாகைப் போட்டி தொடங்கியது 1979-80 பருவத்தில்தான். ஆகவே, பழைமை தேடுவோர் ஆட்டத்தில் அன்றிக் கழகத்தின் பெயரிலேயே அதனைத் தேடல் வேண்டும்.

முதலாம் உலகப்போரில் ஒட்டோமன் பேரரசு வீழ்ச்சியுற்றதும், 1919 மே மாதத்தில் கிரேக்கப் படை சின்னாசியாவின் மேற்குக் கரையிலுள்ள சிமேர்னாவில் இறங்கியது. மூன்றாண்டுப் போரின் முடிவில் அப்படை முற்றாகத் தோல்வியுற்றது. 1922 செப்டெம்பரில் சிமேர்னா நகரின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. 1923 சனவரி 30 ஆம் நாள் லொசான் நகரிற் கைச்சாத்தான உடன்படிக்கை, கிரேக்க, துருக்கிய மக்களைக் கட்டாயமாகப் பரிமாறிக்கொள்ள வகை செய்தது. இப்பரிமாற்றத்துக்கு அளவுகோலாகக் கொள்ளப்பட்டது மொழியன்று, மதமே என்பது கவனித்தற்குரியது. துருக்கி மொழியன்றி வேறு மொழி அறியாத கிறித்தவர் கிரேக்கத்துக்கும், கிரேக்கம் பேசிய முஸ்லிம்கள் துருக்கிக்கும் அனுப்பப்பட்டனர். ஏறத்தாழப் பன்னிரண்டு இலட்சம் பேர் கிரேக்கத்தை வந்தடைந்தனர். 1928 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அந்நாட்டின் மொத்த மக்கட்டொகையே சுமார் அறுபத்திரண்டு இலட்சம் என்பதை நோக்கின், ஐவருக்கு ஒருவர் அகதியாயினர் எனலாம்.

கொன்ஸ்தாந்திநோப்பிளின் கிரேக்கர் நிலை சற்று வேறுபட்டது. 1918 ஒக்டோபர் 30 ஆம் நாளுக்கு முன் அந்நகரிற் குடியிருந்தோருக்குப் பரிமாற்றத்திலிருந்து விலக்களிக்கப்பட்டது. எனினும் துருக்கியப் படை நகருட் புகுமென்ற அச்சத்தால் 1922 இலும் அதனையடுத்தும் பல்லாயிரவர் வெளியேறினர். வெளியேறியோர் பலருக்குத் திரும்பும் வழி அடைபட்டது. சட்டம் தங்கலாமெனக் கூறிய இடத்தைக் காலம் தங்கவொட்டாது செய்தது. ஏ.ஈ.கே.யைத் தோற்றுவித்தோர் இத்தகையோரே.

இவர்கள் வெறுங்கையராய் வந்தனரென்று கூறுதல் பொருந்தாது. பேரா, தத்தாவ்லா முதலிய கிரேக்கப் பகுதிகளில் உதைபந்தாட்டமும் மெய்வல்லுநர் விளையாட்டும் முன்னரே வேரூன்றியிருந்தன. தத்தாவ்லாவின் ஹெராக்கிளிஸ் கழகம் 1896 இலேயே தோன்றியது. பேரா கழகத்தின் ஆட்டக்காரர் சிலர் ஏதென்சுக்கு வந்து சேர்ந்தனர். 1924 ஏப்பிரல் மாதத்தில், வெரன்செரு வீதியில் டிமோப்புலொஸ், இயோனாஸ் ஆகிய இருவர் நடத்திவந்த விளையாட்டுப் பொருட் கடையொன்றிற் கூடிய இவ்வகதிகள் புதிய ஒன்றியத்தை அமைத்தனர். பத்திரிகையாளரான கொன்ஸ்தாந்தினொஸ் ஸ்பனூடிஸ் அதன் முதற் றலைவரானார். மஞ்சளும் கறுப்பும் நிறங்களாயின. பைசாந்தியப் பேரரசின் இருதலைக் கழுகு சின்னமாயிற்று.

இங்கு ஓர் ஒப்பீடு பயனுடையது. சிமேர்னாவில் 1890 இல் தோன்றிய பனியோனியொஸ் கழகம் 1922 இன் பின் ஏதென்சில் மீண்டும் நிலைகொண்டது. அதாவது கழகமே இடம்பெயர்ந்தது. ஏ.ஈ.கே. அவ்வாறன்று, அது இடம்பெயர்ந்தோர் புதிய மண்ணில் புதிதாக அமைத்தது. முன்னது ஒரு நிறுவனத்தின் தொடர்ச்சி. பின்னது நினைவொன்றினை நிறுவனமாக்கும் முயற்சி. 1926 இல் தெசலோனிக்கியில் அதே நகர் அகதிகள் தோற்றுவித்த பி.ஏ.ஓ.கே. கழகமும் இவ்வகையினதே. பழைய ஊரில் இல்லாத ஒன்றுக்குப் பழைய ஊரின் பெயரைச் சூட்டினோர், திரும்பிச் செல்வது அரிதென்பதை உணர்ந்தே அவ்வாறு செய்தனர் எனக் கொள்ள இடமுண்டு. வந்த இடத்திலும் அவர்களுக்கு நல்வரவு கிடைத்ததெனல் இயலாது. ‘துருக்கிய வித்துகள்’ என உள்ளூரார் அவர்களை இழித்துரைத்தனர். தாம் விட்டுவந்த நாட்டில் கிரேக்கரென்றும், வந்து சேர்ந்த நாட்டில் துருக்கியரென்றும் தூற்றப்பட்ட மக்கள், மைதானத்திலாவது தமக்குரிய பெயரால் அழைக்கப்பட விரும்பியதில் வியப்பில்லை.

ஏதென்சின் வடபால் அகதிகளுக்காக எழுந்த குடியிருப்புகளுள் ஒன்று நெயா பிலதெல்பியா. சின்னாசியாவின் பிலதெல்பியாவை நினைந்து ‘புதிய’ என்னும் அடையோடு அப்பெயர் இடப்பட்டது. அங்கு அகதிகளின் வீட்டுத் தேவைக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தின் ஒரு பகுதியே கழகத்தின் பயிற்சிக்களமாகி, 1930 இல் விளையாட்டரங்கமாயிற்று. வீடில்லாதோர் வீட்டு நிலத்தை விளையாட்டுக்கு விட்டுக்கொடுத்தமை அக்காலத்து அகதி வாழ்வில் கழகம் பெற்றிருந்த இடத்தைத் தெளிவாகக் காட்டுகிறது.

ஐரோப்பியக் கழகங்கள் பலவற்றைப் போன்று ஏ.ஈ.கே.யும் பல ஆட்டங்களைத் தன்னகத்தே கொண்டது. உதைபந்தாட்டம் முதன்மை பெற்றதாயினும், கழகத்தின் முதல் ஐரோப்பியக் கிண்ணத்தைத் தேடித்தந்தது கூடைப்பந்தாட்ட அணியே. 1968 ஏப்பிரல் 4 ஆம் நாள், ஏதென்சின் பழைய பளிங்கு அரங்கில், ஏறத்தாழ எண்பதினாயிரம் பேர் சூழ்ந்திருக்க, அவ்வணி பிராக் நகரின் ஸ்லாவியாவை 89-82 எனத் தோற்கடித்தது. 1979 இல் உதைபந்தாட்டம் தொழில்முறையாக்கப்பட்டுத் தனிக் கம்பனியிடம் சென்றது. கைப்பந்தாட்டம் போன்றவை பிற்காலத்திற் சேர்ந்தபோது அவை பழைய தாய்க்கழகத்தின் மரபிலேயே இடம்பெற்றன. இவ்வேறுபாடு பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இன்றியமையாதது.

கிரேக்கத்தில் கைப்பந்தாட்டம் முதலில் பெருங்கழகங்களின் ஆட்டமாக இருக்கவில்லை. வடக்கே வெரியா என்னும் சிறுநகரின் பிலிப்பொஸ் கழகம் நெடுங்காலம் முன்னணியில் நின்றது. நெயா பிலதெல்பியாவிலேயே இயோனிகொஸ் என்னும் கழகம் இவ்வாட்டத்திற் பெயர் பெற்றிருந்தது. இயோனியா என்பது சின்னாசியக் கரையின் பழம்பெயர். இவ்வாறு, ஏ.ஈ.கே. கைப்பந்தைக் கையிலெடுக்குமுன்னரே அதன் அயலில் மற்றோர் அகதிப் பெயர் அப்பந்தோடு தொடர்புற்றிருந்தது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் கிரேக்க ஆடவர் அணி ஆறாமிடத்தைப் பெற்றது. அடுத்த ஆண்டு துனீசியாவில் நடந்த உலகப் போட்டியிலும் அதே இடம். ஏ.ஈ.கே. தன் கைப்பந்தாட்டப் பிரிவை அமைத்தது அந்த 2005 இலேயே. ஒலிம்பிக் ஊட்டிய உற்சாகத்துக்கு இதில் பங்குண்டெனக் கருதுவது தவறாகாது.

2010 இல் கிரேக்கம் கடன் நெருக்கடியில் வீழ்ந்தது. சம்பளங்களும் ஓய்வூதியங்களும் வெட்டப்பட்ட அக்காலத்தில் விளையாட்டுக் கழகங்களின் நிதியும் வற்றியது. ஆயினும் கைப்பந்தாட்டம் தலைநிமிர்ந்ததும் அவ்வாண்டுகளிலேயே. 2012 இல் பெலொப்பொனீசின் ஆர்கொஸ் என்னும் சிறுநகரின் தியோமீதிஸ் கழகம் சுவிற்சர்லாந்தின் வாக்கர் தூன் அணியை வென்று ஐரோப்பியச் சவாற் கிண்ணத்தைப் பெற்றது. ஆடவர் கைப்பந்தாட்டத்தில் கிரேக்கக் கழகமொன்று பெற்ற முதல் ஐரோப்பியக் கிண்ணம் அது. திரோய்ப் போரிற் பொருத ஆர்கொஸ் மன்னன் தியோமீதிசின் பெயரே அக்கழகத்தின் பெயர். கிரேக்கர் கழகங்களுக்குப் பெயரிடும்போது ஒன்றில் காவியத்தை நாடுவர் அல்லது இழந்த ஊரை நாடுவர் போலும்.

ஏ.ஈ.கே.யைப் பொறுத்தவரையில் 2013 ஆம் ஆண்டே திருப்புமுனை. அவ்வாண்டு ஏப்பிரலில், பந்திராக்கிகொஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் ஆதரவாளர் களத்தினுட் பாய, ஆட்டம் இடைநிறுத்தப்பட்டது, புள்ளிகள் கழிக்கப்பட்டன, உதைபந்தாட்ட அணி தன் வரலாற்றில் முதன்முறையாக முதற்பிரிவிலிருந்து வீழ்ந்தது. கடன்சுமையால் அது மூன்றாம் பிரிவிலிருந்தே மீளத் தொடங்கவேண்டியதாயிற்று. அதே 2013 இல்தான் கைப்பந்தாட்ட அணி முதன்முறையாகத் தேசிய வாகை சூடியது. பெருங்கம்பனி சரிந்தவேளை, தொழில்முறையின் ஓரத்தில் நின்ற சிறு பிரிவொன்று கழகத்தின் பெயரை முதற்படியில் நிறுத்தியது. இதனைத் தற்செயலெனத் தள்ளிவிடலாம். ஆனால் கழகம் என்பது அதன் செல்வம் மிக்க அணி மட்டுமே என்னும் எண்ணத்தை இந்நிகழ்ச்சி கேள்விக்குள்ளாக்குகிறது.

அதன்பின் அணி ஐரோப்பிய அரங்கில் நிலைபெற்றது. 2018 இல் சவாற் கிண்ணத்தின் இறுதிப் போட்டியை அடைந்து ருமேனியாவின் பொத்தைசா துர்தாவிடம் அதனை இழந்தது. 2020 இல் மீண்டும் நாட்டின் வாகையராயிற்று. ஐரோப்பியக் கிண்ணம் எனப் பெயர்மாற்றம் பெற்ற அதே போட்டியில், 2021 இல், இறுதியில் சுவீடனின் ஈஸ்டாட் கழகத்தை எதிர்கொண்டு கிண்ணத்தைக் கைப்பற்றியது. இது ஐரோப்பியப் போட்டிகளுள் மூன்றாந் தரத்ததே என்பதை மறைத்தற்கில்லை. ஜேர்மனி, பிரான்சு, ஸ்பெயின் ஆகியவற்றின் பெருங்கழகங்கள் இதிற் பங்குபற்றுவதில்லை. ஆயினும் கைப்பந்தாட்டம் நாட்டில் வேரூன்றி நாற்பதாண்டே ஆன நிலையில் பெற்ற வெற்றியாதலின் அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஏ.ஈ.கே.யை இன்றும் ‘அகதிகளின் கழகம்’ என அழைப்பது எவ்வளவு பொருந்தும் என்னும் வினா எழுகிறது. 2005 இல் கைப்பந்தெடுத்தோரில், பாட்டன் வழியில் அந்நகரோடு தொடர்புடையோர் இருந்திருப்பினும், அதனைக் கொண்டு அணியை அளவிட இயலாது. வெளிநாட்டு ஆட்டக்காரரும் அணியில் இடம்பெற்றனர். குருதித் தொடர்பை நாடுவோர் இங்கு ஏமாறுவர். நகரத்திலேயே நிலைத்திருந்தோரின் கதையும் வேறாயிற்று: 1942 ஆம் ஆண்டுச் சொத்துவரி, 1955 செப்டெம்பர் 6, 7 ஆம் நாட்களின் வன்செயல், 1964 ஆம் ஆண்டு நாடுகடத்தல் ஆகியவற்றின்பின், ஒரு காலத்தில் ஓரிலட்சமளவில் இருந்த அச்சமூகம் சில ஆயிரமாகச் சுருங்கியது. பேரா கழகம் பெயொக்லுஸ்போர் எனத் துருக்கியப் பெயர் பூண்டது. அங்கு கழகம் எஞ்சப் பெயர் மறைந்தது. ஏதென்சிலோ கழகம் புதிது, பெயர் எஞ்சியது.

1999 ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற் சேதமுற்ற நெயா பிலதெல்பியாவின் பழைய அரங்கம் 2003 இல் இடிக்கப்பட்டது. அதே நிலத்தில் 2022 செப்டெம்பர் 30 ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய அரங்கத்துக்குக் கழகத்தார் இட்ட பெயர் ‘ஹகியா சோபியா’, கொன்ஸ்தாந்திநோப்பிளின் பெருந்தேவாலயத்தின் பெயர். அது உதைபந்தாட்டத்துக்குரியது, கைப்பந்தாட்டக்காரருக்கு அங்கு இடமில்லை. அவர்கள் வேறு உள்ளரங்குகளில் ஆடுகின்றனர். ஐரோப்பியப் போட்டிப் பட்டியல்களில் அவர்களது அணி ‘ஏ.ஈ.கே. ஏதென்ஸ்’ எனப் பதிவாகிறது. முன்னுள்ள மூன்றாம் எழுத்து ஒரு நகரைக் குறிக்க, பின்னுள்ள சொல் மற்றொரு நகரைக் குறிக்கிறது.