கொல்லிமலையும் ஆட்டுக்கொல்லியும்

காரவள்ளியில் தொடங்கும் கொல்லிமலைப் பாதை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சோளக்காட்டில் ஏறி நிற்கிறது. மேலே மிளகும் வாழையும் பலாவும் மரவள்ளியும். நடுநடுவே மலையாளிப் பழங்குடியினரின் வீடுகள். வீட்டையொட்டி நாலைந்து வெள்ளாடுகள் கட்டிய கொட்டிலையும் பார்க்கலாம். அந்த ஆடுகளுக்கு வரக்கூடிய நோய்களில் ஆட்டுக்காரரை அதிகம் கலங்கடிப்பது ஒன்று. கால்நடைத் துறை அதை ‘ஆட்டுக்கொல்லி’ என்கிறது.

மலையின் பெயரிலும் கொல்லி, நோயின் பெயரிலும் கொல்லி. இரண்டும் ஒரே சொல்லா?

நோயின் பெயரைப் பிரிப்பது எளிது. ‘கொல்’ என்ற வினையோடு ‘இ’ என்ற விகுதி சேர்ந்தால், கொல்வது எதுவோ அதற்குப் பெயராகிறது. மண்ணை வெட்டுவது மண்வெட்டி, மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி. அதே வார்ப்பில் ஆட்டைக் கொல்வது ஆட்டுக்கொல்லி. வார்ப்பு மிகப் பழையது. திருவள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தில் சினத்தை நெருப்பாக்கி, தன்னைச் சேர்ந்தவரையே கொல்வது என்ற பொருளில் ‘கொல்லி’ என முடியும் பெயரொன்றை அதற்கு வைத்தார். இருபதாம் நூற்றாண்டில் வேதிமருந்துகள் வயலுக்கு வந்தபோதும் தமிழ் புதிய வார்ப்பைத் தேடிப் போகவில்லை. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சணக்கொல்லி எல்லாம் அந்தப் பழைய அச்சில் விழுந்தவை.

மலையின் பெயர் அவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. சங்கப் பாடல்களில் இது குறுநில மன்னன் வல்வில் ஓரியின் மலை, கொல்லிப்பாவை நிற்கும் மலை. அழகால் மயக்கி ஆளைக் கொல்லும் பாவை இருந்ததால் கொல்லி என்ற விளக்கம் ஊரறிந்தது. சுற்றுலாப் பலகை முதல் பள்ளிப் பாடம் வரை அதுதான். ஆனால் மேற்கே கொஞ்சம் காது கொடுக்க வேண்டும். மலையாளத்திலும் குடகு மொழியிலும் ‘கொல்லி’ என்றால் மலையிடுக்கு, நீர் ஓடும் பள்ளம். வயநாட்டில் மூடக்கொல்லி என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே யாரும் யாரையும் கொன்றதால் வந்த பெயரல்ல அது. ஐயாறு ஆழ்ந்த பள்ளத்தில் ஆகாய கங்கையாக விழுவதைப் பார்த்தவருக்கு, நிலத்தைச் சொல்லும் இந்தப் பொருளே இந்த மலைக்குப் பொருந்துகிறது என்று தோன்றும். பெயர் முதலில் நிலத்திலிருந்து வந்து, பொருள் மறந்த பிறகு பாவையின் கதை அதன்மேல் ஏறியிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கணிப்பு.

ஆக, மலை வேறு, நோய் வேறு. ஒலி மட்டும் ஒன்று.

கால்நடை நோய்களுக்குத் தமிழர் வைத்த பெயர்களைச் சேர்த்துப் பார்த்தால் ஆட்டுக்கொல்லியின் தனித்தன்மை தெரியும். வாயிலும் குளம்பிலும் புண் காண்பது கோமாரி. மழைக்குப் பின் தழைத்த இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த கொழுத்த குட்டி, திடீரெனத் துள்ளி விழுந்து சாவது துள்ளுமாரி. இரண்டிலும் மாரி இருக்கிறாள். நோயை அம்மனின் வருகையாகக் கண்ட காலத்தின் பெயர்கள் அவை. கூழ் ஊற்றி, வேப்பிலை கட்டி, அவளைக் குளிர்வித்து அனுப்ப வேண்டும். அடைப்பான், சப்பை நோய், நீலநாக்கு ஆகியவை கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தைப் பிடித்த பெயர்கள். ஆட்டுக்கொல்லியில் அம்மனும் இல்லை, அடையாளமும் இல்லை. குற்றவாளியை நேராகச் சுட்டுகிறது.

அந்தக் குற்றவாளி ஒரு வைரஸ். மனிதரின் தட்டம்மை, மாட்டின் வெக்கை நோய் ஆகியவற்றை உண்டாக்கும் வைரஸ்களின் நெருங்கிய உறவு. 1942இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் இந்த நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அங்கே பிரெஞ்சு ஆட்சி நடந்ததால் பெயரும் பிரெஞ்சில் அமைந்தது: சின்ன அசைபோடும் விலங்குகளின் கொள்ளைநோய் என்று பொருள். அதன் முதலெழுத்துகளே இன்று உலகெங்கும் வழங்கும் ‘பி.பி.ஆர்.’

இந்தியாவில் இது முதலில் உறுதிசெய்யப்பட்ட இடம் தமிழ்நாடுதான். 1987இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில், செம்மறி ஆடுகளிடம் கண்டறிந்தார்கள். வெக்கையும் இதுவும் ஒன்றுபோல் தோன்றக்கூடியவை. வைரஸைப் பிரித்து ஆராய்ந்த பிறகே இது வேறு என்று தெளிந்தது. எம்.எஸ். ஷைலாவும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை 1989இல் வெளிவந்தது.

அரசூரின் பெயர் அத்தோடு மறையவில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பூசி வைரஸ் வகைக்கு ‘அரசூர் 87’ என்று பெயர். வெள்ளாட்டிலிருந்து எடுத்த இன்னொன்று ‘கோயம்புத்தூர் 97’. இமாசலப் பிரதேசத்துச் சிற்றூரின் பெயரால் ‘சுங்ரி 96’ உண்டு. எந்த ஊர் ஆடு செத்ததோ அந்த ஊரின் பெயர் மற்ற ஊர் ஆடுகளைக் காக்கும் மருந்துக்கு ஆகிவந்திருக்கிறது. சொல்வரலாற்றில் இப்படி மனம் நெகிழவைக்கும் திருப்பங்கள் அரிது.

ஆடு வளர்ப்பவருக்குப் பெயர் ஏன் முக்கியம்? நோய் கண்ட ஆடு முதலில் கடுங்காய்ச்சலில் சோர்ந்து நிற்கும். கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுகும், பிறகு அது கெட்டியாகிப் பீளையும் சளியுமாக அடைக்கும். வாயில் புண் வந்து தீனி எடுக்காது. அதன்பின் நாற்றமடிக்கும் கழிச்சல், இருமல், மூச்சுத்திணறல். சினையாடு குட்டி வீசிவிடும். இத்தனையில் கண்ணை உறுத்துவது கழிச்சல் ஒன்றே. ‘கழிச்சல் கண்டிருக்கிறது’ என்று சொல்லிக் குடற்புழு மருந்து ஊற்றிக் காத்திருந்தால், இரண்டு மூன்று நாளில் பக்கத்து ஆடும் படுத்துவிடும். ‘ஆட்டுக்கொல்லியாக இருக்குமோ’ என்ற ஐயம் எழுந்தால்தான் அந்த ஆட்டைத் தனியே பிரித்துக் கட்டுவார்கள், மருத்துவரைக் கூப்பிடுவார்கள். அதனால்தான் அறிவிப்புகளில் ‘பி.பி.ஆர்.’ என்ற மூன்றெழுத்தை மட்டும் போடுவது போதாது. படிக்காத பாட்டிக்கும் புரியும் சொல் கையிருப்பில் இருக்கும்போது அதைப் பெரிய எழுத்தில் போடுவதே முறை.

கொல்லிமலைக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. மலை தனித்திருப்பதுபோல் தோன்றினாலும் ஆடுகள் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கின்றன. அடிவாரச் சந்தையில் வாங்கிய குட்டி பேருந்துக் கூரையிலோ சின்ன வண்டியிலோ மேலே வரும். மலைக்கோயில் மாசி பெரியண்ணசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய் கீழ்நாட்டிலிருந்து ஏறும். இந்த நோய் பரவுவது நெருங்கி நிற்கும் ஆடுகளின் மூச்சு, சளி, சாணம் வழியாக. புதிதாக வாங்கிய ஆட்டைக் கொட்டிலில் சேர்க்காமல் மூன்று வாரமாவது தள்ளிக் கட்டுவது அதனால்தான். தாயிடம் பெற்ற எதிர்ப்புச் சக்தி மூன்று நான்கு மாதத்தில் வடிந்துவிடுவதால் அந்த வயதுக் குட்டிகளே முதலில் மாட்டுகின்றன. ஆட்டிலிருந்து மனிதருக்கு இது தொற்றாது.

கடைசியாக வெக்கை என்ற சொல்லுக்கு வர வேண்டும். ஒரு காலத்தில் உழவு மாடுகளைக் கூட்டங்கூட்டமாக வாரிக்கொண்டு போன நோயின் பெயர் அது. இந்தியாவில் அந்த நோய் கடைசியாகக் கண்டது 1995இல். 2011இல் உலகிலிருந்தே அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அகராதியில் சொல் இருக்கிறது, கொட்டிலில் நோய் இல்லை. ஆட்டுக்கொல்லியையும் 2030க்குள் அப்படி ஆக்குவதென்று ஐ.நா. உணவு வேளாண் நிறுவனமும் உலக விலங்கு சுகாதார அமைப்பும் இலக்கு வைத்திருக்கின்றன. தடுப்பூசி ஒரு முறை போட்டால் குறைந்தது மூன்று ஆண்டுக்குக் காவல் கிடைக்கிறது.

கொட்டிலில் நான்கு மாதக் குட்டி நிற்கிறதென்றால், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் ஆட்டுக்கொல்லி ஊசி எப்போது போடுகிறார்கள் என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கு எண் 1962.